நீளச் சீட்டி

மடிப்புக்காரியின் மூக்கு சீட்டி அடிக்கிறது என்று தெரிந்தபோது தெருவே சிரித்தது. சிரிக்காத ஆள் ஒருத்திதான், அவளுடைய மாமியார். மடித்துக்கொண்டிருந்த துண்டை மடியில் வைத்துவிட்டு, மருமகளின் முகத்துக்கு நேராகத் திரும்பி, "வந்துட்டியாடா?" என்று கேட்டாள்.

கேட்டவளுக்குக் கண் மங்கல். காது மட்டும் பாம்புக் காது. மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தன்னைத்தான் கேட்கிறாளாக்கும் என்று, "வந்துட்டேன் அத்தை" என்றாள். கிழவி தலையை ஆட்டினாள். "உன்னைக் கேக்கலை" என்றாள்.

அது லாண்டரி வீடு. முன்னால் கடை, நடுவில் மிஷின்கள், அதற்குப் பின்னால் மடிப்பறை, கடைசியில் இவர்கள் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிற அறைகள். பெரிய ஆஸ்பத்திரியின் விரிப்புகளும் ஓட்டல்களின் விரிப்புகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்து, பிழியும் மிஷினில் சுற்றி, சூடான உருளைக்குள் விட்டு எடுத்தால், மடிப்பறைக்கு வரும்போது விரிப்பு சுடச்சுட இருக்கும். பாய்லர் அந்தப் பக்கத்துச் சுவருக்கு அப்பால் நாள் முழுக்க உறுமும். ஆனாலும் மடிப்பறைக்குள் பேச்சு கேட்கும், பெருமூச்சு விட்டால்கூடக் கேட்கும். அங்கே வருஷக்கணக்காக நின்று மடித்ததால்தான் மருமகளுக்கு மடிப்புக்காரி என்ற பெயர். அவள் மடித்த விரிப்பில் மூலைக்கு மூலை ஒரு நூல்கூட விலகியிருக்காது.

கிழவியின் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். அம்மாவும் மகனும் எதிரும் புதிருமாக நின்று மடிக்கிற வேலை. "இழு" என்று சொல்ல வாயைத் திறந்து, "இ… இ…" என்று அவன் முடிப்பதற்குள் விரிப்பு தரையைக் கூட்டிவிடும். அதனால் பேச்சை விட்டுவிட்டுச் சீட்டிக்கு மாறினான். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது, அதன் வழியாக மெலிசாக வரும். ஒன்று அடித்தால் இழு. இரண்டு அடித்தால் மடி. நீளமாக ஒன்று வந்தால் விடு. அதாவது, உன் பக்கத்து முனைகளை நான் வாங்கிக்கொண்டேன், இனிமேல் நீ கையை எடுக்கலாம் என்று அர்த்தம். அந்த நீளச் சீட்டி வரும்வரை எதிரில் நிற்பவர் விடக்கூடாது, கை இற்றுப்போனாலும் சரி. வெளுத்த துணி தரையில் விழுவது அந்த வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக் காலால் எத்துவதற்குச் சமம்.

வீட்டுப் பேச்சும் அதே பாஷைதான். ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. ஊரும் அவனுக்குச் சீட்டி என்றே பெயர் வைத்துவிட்டது.

கல்யாணமாகி வந்த மடிப்புக்காரிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. வந்த புதிதிலேயே சொல்லிவிட்டாள். "என்கிட்ட சீட்டி அடிக்காதீங்க. என்ன நாயா நான், சீட்டி அடிச்சதும் ஓடி வர? எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, வாயால பேசுங்க." அவனும் பேசினான். ஒரு பேச்சு முடிவதற்குள் அடுப்பில் வைத்த டீ பொங்கிவிடும். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தபடி காத்திருப்பாள். அந்தக் காத்திருப்புதான் தன் கல்யாணத்திலேயே தனக்குப் பிடித்த சங்கதி என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

போன மழைக்காலத்தில் சீட்டிக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. தாங்களே துவைத்த விரிப்பில் ஆஸ்பத்திரியில் கிடந்து, நினைவு திரும்பாமலே போய்ச் சேர்ந்தான். தூக்க வந்தபோது, அவன்மேல் போர்த்தியிருந்த விரிப்பின் ஒரு மூலையைக் கிழவி பிடித்துக்கொண்டிருந்தாள். யார் சொல்லியும் விடவில்லை. "அவன் இன்னும் விடச் சொல்லலையே" என்றாள். அழவில்லை, கத்தவில்லை. மடிப்பறையில் நிற்பதுபோலவே நின்றாள். விரலைப் பிரிக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கடைசியில் அவள் மகள், அதாவது மடிப்புக்காரியின் நாத்தனார், நர்ஸிடம் கத்தரி வாங்கி அந்த மூலையையே வெட்டிவிட்டாள். துணுக்கு கிழவியின் கையோடு வீட்டுக்கு வந்தது. அதை அவள் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரி மூட்டையில் அந்த விரிப்பும் வந்துவிட்டது. ஒரு மூலை சரிவாகக் காணாமல்போயிருந்தது. மடிப்புக்காரி யாரிடமும் மூச்சு விடவில்லை. வெட்டின ஓரத்தை உள்ளே மடக்கித் தைத்து, மற்றவற்றோடு சேர்த்து அனுப்பிவிட்டாள். அதற்கப்புறமும் அது புழக்கத்தில்தான் இருந்தது. யார் யாருக்கு அடியிலோ கிடந்துவிட்டு எப்போதாவது வரும். வந்தால் கிழவியின் கையில் படாமல் இவளே தனியாக மடித்துவிடுவாள். கிழவியும் பெரிய விரிப்புகளைத் தொடுவதை விட்டுவிட்டாள். மூலையில் உட்கார்ந்து துண்டுகளை மட்டும் மடித்தாள். பேச்சும் அற்றுப்போயிற்று.

அந்த வருஷமே அவர்களுக்கு ஆகாத வருஷம். ஒருநாள் பிழியும் மிஷினின் மூடி விருட்டென்று எழும்பி மடிப்புக்காரியின் முகத்தில் அடித்தது. மூக்கும் முழியுமாக இருந்தவள். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு துவாரம் அடைத்துக்கொண்டது. கடைத்தெருவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். வெளியே பார்க்க மூக்கு நேராகிவிட்டது. அடைத்திருந்த பஞ்சை எடுத்த அன்று அவள் மூச்சை இழுத்தாள், மூக்குக்குள்ளிருந்து 'ஸ்வீ' என்று ஒரு சத்தம் வந்தது. டாக்டர் சிரித்தார். போகப் போகச் சரியாகிவிடும் என்றார். சரியாகவில்லை. போகப் போகப் பொருக்குக் கட்டியது, ரத்தம் கசிந்தது, தலை கனத்தது, சத்தம் கூடியது. குனிந்தால் ஒன்று வரும். எதையாவது தூக்கினால் இரண்டு வரும்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கிழவி, வந்துட்டியாடா என்று கேட்டது.

மறுநாள் மடிப்புக்காரி உருளையிலிருந்து வந்த விரிப்பைத் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கிழவி எழுந்து வந்து, எதிர்முனையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். மடிப்புக்காரிக்கு ஆச்சரியம். மூக்கு ஒரு சீட்டி அடித்தது, கிழவி இழுத்தாள். இரண்டு அடித்தது, மடித்தாள். அப்புறம் எதிரே நடந்து வந்து முனைகளைக் கொடுத்தாள். கொடுத்தாள் என்றுதான் பேர், விடவில்லை. முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தாள். "விடுங்க அத்தை" என்று மருமகள் சொல்லியும் விடவில்லை. அவள் மெதுவாக உருவித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

நாத்தனார் இதைப் பார்த்து மூக்கின் மேல் விரல் வைத்தாள். வண்டி ஓட்டிக்கொண்டு ஓட்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் துணி கொண்டுபோய்ப் போடுவது அவள் வேலை. வாய்க்காரி. "உங்க மூக்கு உடைஞ்சதுல எங்கம்மா எழுந்துட்டாங்க அண்ணி. முன்னாடியே உடைச்சிருக்கலாம்" என்று கிண்டல் செய்தாள். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். வெங்காயத்தை வதக்கி முட்டை உடைத்து ஊற்றியிருந்தாள் நாத்தனார். மடிப்புக்காரிக்கு வாசனையும் தெரியவில்லை, ருசியும் தெரியவில்லை. ஆனால் கிழவி இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதைப் பார்க்க இவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் ஒரு மத்தியானம் வரைக்கும்தான் இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட நாள். துணி வரத்து இல்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்த மடிப்புக்காரி கண்ணயர்ந்துவிட்டாள். ஏதோ வெதுவெதுப்பாக முகத்தில் படுவதுபோல இருந்து விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்கவில்லை. கிழவியின் முகம் தன் முகத்துக்கு மேலே இருப்பது மூச்சிலேயே தெரிந்தது. கிழவி ரகசியம்போலப் பேசிக்கொண்டிருந்தாள்.

"மழை விடுமாடா?"

மூக்கு ஒரு சீட்டி அடித்தது.

"உனக்குக் குளிருதா?"

இரண்டு.

மடிப்புக்காரி கண்ணை இன்னும் இறுக மூடிக்கொண்டாள். மூச்சு அவளுடையதுதான். நெஞ்சு ஏறி இறங்குவது அவளுடைய நெஞ்சுதான். ஆனால் நானா இதை விடுகிறேன் என்று கேட்டுக்கொண்டால் அவளுக்கே பதில் தெரியவில்லை. மூச்சைக் கவனிக்க ஆரம்பித்தால் அப்படித்தான், எது தானாக வருகிறது, எதை நாம் விடுகிறோம் என்று குழம்பிவிடும். அவளுக்கு அந்தக் குழப்பம் தெளியும் முன்னால் கிழவி அடுத்ததைக் கேட்டுவிட்டாள்.

"இவ உன்னைப் பத்தி நினைக்கிறாளாடா?"

மடிப்புக்காரி மூச்சை அடக்கிக்கொண்டாள். என்ன வரும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. ஒன்று வந்தாலும் பயம், இரண்டு வந்தால் அதைவிடப் பயம். நெஞ்சு வெடிக்கிற மட்டும் அடக்கி, கடைசியில் தூக்கத்தில் புரள்வதுபோலப் புரண்டு வாய் வழியாக விட்டாள். கிழவி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "சரி, அதை விடு. எனக்கு எப்ப விடச் சொல்லுவ?" என்று கேட்டாள். மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. கிழவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

அன்றிலிருந்து மடிப்புக்காரி பகலில் படுப்பதை விட்டாள். ராத்திரியும் சேலை முந்தானையை மூக்கோடு சுற்றிக்கொண்டுதான் படுத்தாள். பயம் ஒரு பக்கம். பயத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது, அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்குப் பொறாமை. என் மூக்கு, என் மூச்சு, வலியும் ரத்தமும் எனக்கு. வந்தவன் அம்மாவிடம் பேசிவிட்டுப் போகிறான், எனக்கு ஒரு வார்த்தை இல்லை. என்னிடம் சீட்டி அடிக்காதே என்று நான்தானே சொன்னேன் என்றும் நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொண்டு மூக்கைச் சிந்துவாள், ரத்தமாக வரும்.

நாத்தனார்தான் பிடிவாதமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மூக்கு டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மா. மூக்குக்குள் விளக்கை விட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, முதல் ஆபரேஷனில் நடுச்சுவரில் ஓட்டை விழுந்துவிட்டது என்றும், காற்று அந்த ஓட்டையில் புகுந்து வருவதால்தான் சத்தம் என்றும், அப்படியே விட்டால் ஓட்டை பெரிசாகி மூக்கே அமுங்கிப்போகலாம் என்றும் சொன்னார். ஒரு தடவை கை வைத்த மூக்கில் மறுபடி கை வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை என்றும் மறைக்காமல் சொன்னார். காதுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் எடுத்து ஓட்டையில் வைத்துத் தைக்க வேண்டுமாம்.

"அது காத்து அண்ணி. கேட்டீங்கல்ல? வெறும் காத்து" என்று வண்டியில் வரும்போது நாத்தனார் சொன்னாள். அவளுக்கும் அண்ணன்தானே செத்தது. சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கிழவி துண்டு மடிப்பதை நிறுத்தவில்லை. மடித்து அடுக்கி, அடுக்கைத் தட்டிச் சரிசெய்துவிட்டுத்தான் பேசினாள்.

"வாயைத்தான் பேசவிடலை. இப்ப மூக்கையும் அடைக்கப் போறியா?"

அந்த ஒரு பேச்சில் மடிப்புக்காரிக்கு உயிர் போய்விட்டது. தான் அவனைப் பேசச் சொன்னதை, பேசவிடாததாகக் கிழவி இத்தனை வருஷமும் மனதில் வைத்திருக்கிறாள். நாத்தனார் நடுவில் புகுந்து சண்டை போட்டாள். அண்ணிக்கு மூச்சு முட்டுவது உனக்குத் தெரியவில்லையா என்றாள். கிழவி தெரியும் என்றாள். எத்தனை நாள் இப்படியே விடுவது என்று நாத்தனார் கேட்டாள். அவன் விடச் சொல்லும் வரைக்கும் என்றாள் கிழவி. மடிப்புக்காரி ஆபரேஷன் தேதியைத் தள்ளிவைத்தாள். மறுபடி ஒரு தேதி கொடுத்தார்கள், அதையும் தள்ளிவைத்தாள்.

அந்த நாட்களில் அவள் ஒரு காரியம் செய்தாள். கிழவிக்கு வேண்டியது நீளமாக ஒரு சீட்டி, அவ்வளவுதானே, கொடுத்துவிட்டால் போயிற்று என்று யோசித்தாள். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, ஒரு துவாரத்தை விரலால் அமுக்கி, இழுத்து இழுத்துப் பழகினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. சொட்டுச் சொட்டாக ரத்தம் தொட்டியில் விழுந்தது. எப்படி இழுத்தாலும் சின்னதாகத்தான் வந்தது. ஒருநாள் எப்படியோ கொஞ்சம் நீளமாக வந்துவிட்டது. அந்தப் பக்குவம் மறப்பதற்குள் மடிப்பறைக்கு ஓடினாள். கிழவியின் கையில் விரிப்பின் முனையைக் கொடுத்து, இழுத்து, மடித்து, எதிரே வந்து, நெஞ்சு கொள்ளும் மட்டும் மூச்சை எடுத்து நீளமாக விட்டாள்.

கிழவி தலையைச் சாய்த்துக் கேட்டாள். கையை விடவில்லை.

"அது நீ" என்றாள். கோபமில்லை, வருத்தப்படுகிற மாதிரிதான் சொன்னாள். "மூக்கைத் துடைச்சுக்கோ. ஷீட்டுல ரத்தம் படப்போவுது."

மடிப்புக்காரி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்படியானால் மற்றதெல்லாம் யார் என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

மழை விடாமல் பெய்த வாரம். ஆஸ்பத்திரியிலிருந்து மூட்டைகள் வழக்கத்தைவிட அதிகம் வந்தன, உருளைக்கு ஆள் போதவில்லை. வேறு வழியில்லாமல் கிழவியை உருளையின் மறுபக்கம் நிறுத்தியிருந்தார்கள். விரிப்பு வெந்து வெளியே வரும்போது வாங்கிக் கூடையில் போட வேண்டும், அவ்வளவுதான். பிழியும் மிஷினை நிறுத்தியிருந்த நேரம். உருளை ஒன்றும் பெரிதாகச் சத்தம் போடாது. மடிப்புக்காரி இந்தப் பக்கம் குனிந்து ஈர விரிப்பை உள்ளே கொடுத்தாள். குனிந்ததும் மூக்கு ஒரு சீட்டி அடித்தது.

இழு.

விரிப்பு இன்னும் வெளியே வரவில்லை. கிழவி கையை நீட்டினாள். முனை அகப்படவில்லை என்றதும் இன்னும் உள்ளே நீட்டினாள். மடிப்புக்காரி உருளைக்கு மேலே அந்த விரல்கள் வருவதைப் பார்த்தாள். நிறுத்துகிற கம்பியை அவள் எட்டி உதைப்பதற்குள் தோல் பொசுங்குகிற சத்தம் கேட்டது. வாசனை தெரியாத அவளுக்குக்கூட அன்றைக்கு அந்த வாசனை தெரிந்தது.

காயம் விரல் நுனிகளோடு போயிற்று. உருளை இழுத்திருந்தால் கையே போயிருக்கும். பாய்லர்காரர் ஓடிவந்து கிழவியின் கையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கினார். கிழவி வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இழுக்கச் சொன்னானே, ஷீட்டைக் காணோமே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். குழந்தை தப்பு செய்துவிட்டு முழிப்பதுபோல முழித்தாள். மடிப்புக்காரி அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு, மூச்சே விடக்கூடாது என்று வாயையும் மூக்கையும் கிழவியின் தோளில் புதைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய், அடுத்த தேதி எதுவானாலும் சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். கிழவியிடம் தானேதான் போய் உட்கார்ந்து சொன்னாள். திட்டுவாள், சாபம் விடுவாள் என்று எதிர்பார்த்தாள். கிழவி கட்டுப்போட்ட விரல்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன வச்சு அடைப்பாங்க?"

"காதுக்குப் பின்னாலேர்ந்து கொஞ்சம் எடுப்பாங்களாம் அத்தை. அதை மூக்குல வச்சுத் தைப்பாங்களாம்."

"காதையா?"

"காதோட கொஞ்சம்."

கிழவி கையை நீட்டி மருமகளின் காதைத் தேடினாள். கட்டுப்போட்ட விரலால் காது மடலுக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள். ரொம்ப நேரம் தடவினாள்.

"அப்ப சரி" என்றாள். "பேசின மூக்கு, இனிமே கேக்கட்டும்."

ஆபரேஷன் ஆயிற்று. டாக்டரம்மா சொன்னதற்கு மேல் ஒன்றும் தப்பாக நடக்கவில்லை. மயக்கம் தெளியும்போது மூக்கு முழுக்கப் பஞ்சு, காதைச் சுற்றிக் கட்டு, வாய் உலர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. எங்கே கிடக்கிறோம் என்று கை தானாகத் துழாவியது. விரிப்பின் ஓரம் அகப்பட்டது. ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போனாள், தொழில் புத்தி. மூலை வர வேண்டிய இடத்தில் மூலை வரவில்லை. சரிவாக ஒரு தையல் வந்தது. கட்டை விரலால் தையலை எண்ணினாள். அவளுடைய தையல்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனாரிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அலமாரியில் மேலாக இருந்ததை எடுத்து விரித்திருப்பார்கள், அதற்கென்ன என்று அவள் சொல்வாள். சரியாகத்தான் சொல்வாள். மடிப்புக்காரி வாயை மூடிக்கொண்டாள். அவன் கிடந்த விரிப்பில், அவன் கிடந்ததுபோலவே வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தாள். விநோதமாக, அவளுக்குப் பயமாக இல்லை. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினாள்.

வீட்டுக்கு வந்து, பஞ்சு எடுத்து, புண் ஆறி, எல்லாம் ஆயிற்று. மூக்கு சத்தம் போடவில்லை. மூச்சு வருவதும் போவதும் தெரியாமல் வந்து போனது. டாக்டரம்மா விளக்கு விட்டுப் பார்த்து, நன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டது என்றார். ஒருநாள் சமையலறையில் வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தபோது மடிப்புக்காரி அடுப்பு முன்னால் நின்று அழுதாள். நாத்தனார் வெங்காயத்தால் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

தெரு மறந்துவிட்டது. வீடு மறக்கவில்லை. கிழவி சாப்பிட்டாள், பேசினாள், காயம் ஆறியதும் மடிக்க வந்து நின்றாள். ஆனால் சீட்டி இல்லாமல் அவளுக்குக் கை ஓடவில்லை. ஒவ்வொன்றையும் மருமகள் வாய்விட்டுச் சொன்னாள். இழுங்க அத்தை, மடிங்க அத்தை, விடுங்க அத்தை. கிழவி சொன்னபடி இழுத்தாள், சொன்னபடி மடித்தாள். விடுவதை மட்டும் இவள்தான் உருவி எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பேச்சுக்கு நடுவில் கிழவி தலையைச் சாய்ப்பாள். அப்போது மடிப்புக்காரிக்கும் தன்னையறியாமல் காது அந்தப் பக்கம் போகும். காதா மூக்கா என்று அவளுக்கே விளங்கவில்லை. மூக்குத் தண்டுக்குள், தையல் போட்ட இடத்தில், லேசாக ஒரு குறுகுறுப்பு வரும், யாரோ பேசப்போகிறார்கள் என்பதுபோல. பேச மாட்டார்கள். குறுகுறுப்பு அடங்கிவிடும்.

அதை அவள் விரும்ப ஆரம்பித்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழகிய காரியம்தானே.

மழைக்காலம் முடிகிற சமயம். பாய்லரைத் திறந்து கழுவுவதற்காக அணைத்திருந்தார்கள். பாய்லர்காரர் சாமான் வாங்கப் போயிருந்தார், நாத்தனார் வண்டியோடு போயிருந்தாள். உறுமல் நின்றுபோன வீடு என்னவோபோல இருந்தது. வெளியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவதுகூட மடிப்பறைக்குள் கேட்டது. முந்தின நாள் உருளையில் விட்டு வைத்திருந்த கடைசி அடுக்கை இரண்டு பேரும் மடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு விரிப்பை உதறியபோது, சரிவான தையல் கிழவியின் பக்கம் போய்விட்டதை மடிப்புக்காரி பார்த்தாள். இத்தனை நாளும் கண்ணும் கருத்துமாகத் தனியே எடுத்து வைப்பவள், அன்றைக்கு எப்படியோ கவனிக்கத் தவறிவிட்டாள். மாற்றி எடுக்க நேரமில்லை. கிழவி ஒரு கையில் முழு மூலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மற்ற மூலையைத் தேடினாள். விரல் தையலில் பட்டது. பொசுங்கி ஆறிய, உணர்ச்சி மரத்த விரல்தான். ஆனாலும் நின்றுவிட்டது. தையலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது. திரும்பி வந்தது.

"இது வந்துக்கிட்டுதான் இருந்துச்சா?" என்று கிழவி கேட்டாள்.

"ஆமா அத்தை."

"நீதான் தச்சியா?"

"ஆமா."

கிழவி தையலைக் கைக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டாள். விரிப்பு இரண்டு பேருக்கும் நடுவில் முழு நீளத்துக்கும் விறைத்து நின்றது. மகனைத் தூக்க வந்த அன்றைக்குப் பிடித்த அதே பிடி. அதே நிற்பு. மடிப்புக்காரி அந்த முகத்தைப் பார்த்தாள். விடுங்க அத்தை என்று சொல்ல வேண்டும், வேறொன்றும் அவளுக்குத் தோன்றவில்லை. வாயைத் திறந்தாள்.

"வி… வி…"

வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த எழுத்துக்குப் போக மாட்டேன் என்றது. அவளுக்கு ஆயுளில் திக்கியதில்லை. மறுபடி முயன்றாள். "வி…" என்பதோடு நின்றது. மூக்குத் தண்டுக்குள் அந்தக் குறுகுறுப்பு எழுந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். மூச்சையும் நிறுத்திக்கொண்டாள்.

அப்போது அது வந்தது. மெலிசாக, பல் சந்து வழியாக வருவதுபோல, அவசரமில்லாமல், நீளமாக. கூரைச் சொட்டு இல்லை. பாய்லர் இல்லை. அவள் மூக்கும் இல்லை, மூச்சைத்தான் நிறுத்தியிருந்தாளே. எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை. தையல் போட்ட இடத்தில்தான் அவளுக்கு அது முதலில் கேட்டது.

விரிப்பு தரையில் விழுந்தது. ஒரு பக்கம் மட்டுமல்ல, இருவர் பக்கத்து முனைகளும் ஒரே நேரத்தில் விழுந்தன. முழுசாக, தட்டையாக, அவர்களுக்கு நடுவில் போய்ப் படிந்தது. மடிப்புக்காரி விரிந்து கிடந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். சீட்டி அடித்தால் ஓடி வருவதற்கு நான் என்ன நாயா என்று கேட்டவள் அவள்தான். ஒரே ஒரு தடவை அவன் அவளுக்கும் சேர்த்து அடித்தான், அவள் கை கேட்டுவிட்டது.

கிழவி வெறும் கையோடு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் கேட்டாள்.

"நீயும் விட்டுட்டியா?"

"விட்டுட்டேன் அத்தை."

கிழவி தலையை ஆட்டினாள். காலால் தரையைத் தடவி, விரிப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி வந்தாள். ரவிக்கைக்குள் கையை விட்டு, வியர்வையில் மஞ்சளேறிப்போன அந்தத் துணுக்கை எடுத்து மருமகளின் கையில் வைத்தாள்.

"தரையில விழுந்தது, எப்படியும் மறுபடி துவைக்கணும்" என்றாள். "இதையும் சேர்த்துப் போட்டுடு."